இலங்கை மலைநாட்டுல மரக்கறித் தோட்டம் போடுறவங்களுக்கு: அட்டை, குளவி, பாம்பு, பன்னி, சிறுத்தை – காலையில இருந்து ராத்திரி வரைக்கும் முழு வழிகாட்டி

எங்க காணி பொகவந்தலாவைப் பக்கம், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கீழ ஓடைய ஒட்டி ஒரு அரை ஏக்கர் இருக்கும், மேல தேயிலை மலை, அந்தப் பக்கம் மானாப்புல்லு, அதுக்கு அப்பால காடு. கோவா, போஞ்சி, கரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு போடுறோம். போன மாசம் சித்தப்பா மகன் கொழும்புல கடை வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்து தோட்டம் போடப்போறேன்னு போன் பண்ணான், பண்ணதும் மொத கேள்வி "அண்ணே, அங்க புலி வருமா?" இருவது வருசத்துல நான் மூணு தடவ தான்டா பாத்திருக்கேன், குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவங்கள எண்ணவே முடியாது, நீ பயப்படுற வரிசையே தலைகீழா இருக்குன்னு சொன்னேன். அவனுக்குச் சொன்னத தான் இங்க கொஞ்சம் வெலாவாரியா எழுதுறேன்.

எங்க அம்மாயி கொழுந்து எடுக்கப் போற காலத்துல ஒண்ணு சொல்லும்: கண்ணு போகாத எடத்துக்கு கை போகக்கூடாது. கீழ எழுதுறதுல பாதி அது தான்.

1. காணியில எறங்குறதுக்கு முன்ன

முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு கம்பு, நெத்தியில மாட்டுற டோர்ச், ஒரு கட்டி சவுக்காரம், சின்ன சாமணம் (புருவம் எடுக்குறது போதும்), இவ்வளவு தான் சாமான். பூட்ஸ வெளிய வச்சா தலைகீழா ஒரு குச்சியில மாட்டி வைங்க, போடுறதுக்கு முன்ன ரெண்டு தட்டு தட்டுங்க, பூரான் தேளு தவளை எல்லாம் அதுக்குள்ள தான் குடித்தனம் பண்ணும். சாக்கு, படங்கு, சுவத்துல தொங்குற பழைய சட்டை எல்லாத்துக்கும் அதே ரெண்டு தட்டு.

போன்ல மூணு நம்பர் போட்டு வைங்க. 1990 அம்புலன்ஸ், காசு இல்ல. 1992 வனசீவராசிகள் திணைக்களம். 1920 விவசாயத் திணைக்களத்தோட ஆலோசனை. சிக்னல் இல்லாத பள்ளத்துல காணி இருந்தா எந்த மேட்டுல ஏறினா சிக்னல் வருதுன்னு இன்னைக்கே நடந்து பாத்து வைங்க, பாம்பு கடிச்ச பிறகு அத தேடிக்கிட்டு இருக்க முடியாது.

2. அட்டை

வைகாசி ஆனி மழை தொடங்கிட்டா பாதையில ஒவ்வொரு புல்லு நுனியிலயும் ஒண்ணு நின்னு ஆடிக்கிட்டு இருக்கும். சாகடிக்காது, நோயும் பரப்பாது, எரிச்சல் தான். மேஸ் (காலுறை) மேலயும் கணுக்கால்லயும் ஈரச் சவுக்காரத்த நல்லா தேச்சு அப்படியே காயவிடுங்க, மழையில கரைஞ்சா திரும்பத் தேய்ங்க. எங்க ஊருல புகையிலைத் தண்ணிய மேஸ்ல நனைக்கிறவங்களும் இருக்காங்க, வேலை செய்யும், வாசம் தான் தாங்காது.

கடிச்சிருச்சுன்னா இழுத்துப் பிய்க்காதீங்க, நெருப்பும் வைக்காதீங்க. மெல்லிசா இருக்குற முனை தான் வாய், அதுக்கு அடியில நகத்த பதமா விட்டுத் தள்ளுனா தோலோட பிடி விட்டுரும், அப்புறம் சுண்டிவிடுங்க. உப்பு போட்டாலும் விழும் ஆனா விழும்போது வயித்துல இருக்குறத கடிவாயிலேயே கக்கிட்டு விழும். ரத்தம் உறையாம இருக்க அது எச்சில்ல ஒண்ணு விடுது, அதனால கொஞ்ச நேரம் ஒழுகிக்கிட்டே தான் இருக்கும், கழுவி துணி வச்சு அழுத்திக் கட்டுங்க. சொறியாதீங்க. சொறிஞ்சு புண்ணாகி மாசக்கணக்குல அவதிப்பட்ட காலு எங்க வீட்டுலயே இருக்கு.

உண்ணி வேற கதை. அத சாமணத்தால தோலுக்கு ரொம்பக் கிட்டப் பிடிச்சு நேரா மெதுவா இழுக்கணும், மண்ணெண்ணெய் ஊத்துற பழக்கத்த விடுங்க. உண்ணி கடிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல், தலைவலி, மேல்ல தடிப்பு வந்தா டொக்டர்கிட்ட "உண்ணி கடிச்சது"ன்னு நீங்களா வாயத் தொறந்து சொல்லுங்க, மலைநாட்டுல உண்ணிக்காய்ச்சல் இருக்கு, சொன்னா தான் அதுக்கான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.

3. குளவி, இத தான் முழுசா படிங்க

நாங்க குளவின்னு சொல்றது ரெண்டு வேற வேற சாதி. ஒண்ணு சிங்களத்துல பம்பரான்னு சொல்ற பெரிய மலைத்தேனீ, பெரிய மரக்கிளையிலயோ கல்லுப்பாறையிலயோ ஒரே ஒரு அடை, முறம் மாதிரி தொங்கும், மேல மூடி ஒண்ணும் இருக்காது, தேனீயே போர்வை மாதிரி மூடிக்கிட்டு இருக்கும். இன்னொன்னு தெபரா, நெசக் குளவி, காகிதத்துல செஞ்ச பந்து மாதிரி கூடு, செடிக்குள்ளயே தாழ்வா கட்டிவச்சிருக்கும், கவ்வாத்து (தேயிலைச் செடிய மட்டமா வெட்டுறது) வெட்டும்போதும் வேலி வெட்டும்போதும் கத்தி நேரா அதுல போய் விழும். தேனீ ஒரு தடவ கொட்டினா முள்ளு நம்ம தோல்லயே நின்னுரும், தெபராவுக்கு முள்ளு போகாது, அதே ஆளே பத்து தடவ கொட்டும்.

வாரத்துக்கு ஒரு தடவ, வெயில் நல்லா இருக்குற நேரத்துல காணியச் சுத்தி நடந்து அண்ணாந்து பாருங்க. சவுக்கு, டர்பன்டைன், அல்பீசியா மரம், தண்ணித் தொட்டிக்கு அடி, பாலத்துக்கு அடி. கூடு இருந்தா அந்தப் பக்கம் வர்ற பாதையில செவப்புத் துணி ஒண்ணு கட்டி புள்ளைங்களுக்குச் சொல்லிருங்க. கல்லெறியாதீங்க, பொகை போடாதீங்க, பட்டாசு போடாதீங்க. மலைத்தேனீ அங்கயே தங்குற சாதி இல்ல, பூ முடிஞ்சா அதுவாவே கெளம்பிரும், வெறும் அடை மட்டும் தொங்கும், அவசரமே இல்லன்னா அதுவரைக்கும் அந்த மூலையில வேலைய தள்ளிப்போடுங்க. ஆளுங்க தெனம் போய்வர்ற எடத்துல கட்டியிருந்தா கூடு எறக்கிப் பழக்கமான ஆளு ராத்திரியில செய்யட்டும், நம்ம சொந்த சாகசம் வேணாம்.

நம்ம ஒண்ணும் பண்ணாமலே கலையுறதும் உண்டு. தேன்பருந்து வந்து அடையில அடிச்சிட்டுப் போயிரும், அடி வாங்குன கோவத்த கீழ கொழுந்து எடுக்குற பொம்பளைங்க மேல காட்டும். பெரிய காத்துல கிளை முறிஞ்சாலும் இதே தான். அதனால தலைக்கு மேல பருந்து ஒரே மரத்த சுத்திச் சுத்தி வந்தா வேலையப் போட்டுட்டு நகருங்க.

கலைஞ்சிருச்சா? நிக்காதீங்க, கைய வீசாதீங்க, படுக்காதீங்க, ஓடுங்க. படங்கோ சாக்கோ சட்டையோ எது இருக்கோ அதத் தலை முகம் மூடி இழுத்துவிட்டுக்கிட்டு, கால் வைக்கிற எடம் தெரியிற மாதிரி மட்டும் கண்ண விட்டு, நேரா வீட்டுக்குள்ள போய் கதவ சாத்துங்க. கொஞ்ச தூரம் ஓடி நின்னுறாதீங்க, மலைத்தேனீ நூறு எரநூறு மீட்டர் தாண்டியும் தொரத்தும். ஓடையில குதிச்சா தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க, மேலயே சுத்திக்கிட்டு நிக்கும், மூச்சு எடுக்க தலைய தூக்கினதும் மூஞ்சியிலயே கொட்டும். கொட்டுன எடத்துல வாழைப்பழம் மாதிரி ஒரு வாசம் வரும், அது மத்த தேனீக்கு "இங்க வா"ன்னு சொல்ற வாசம், அதனால தான் ஒண்ணு கொட்டின எடத்துலயே பத்து கொட்டுது.

உள்ள போனதும் முள்ள எடுங்க, நகத்தால சொரண்டியோ பிடுங்கியோ எப்படியும் எடுங்க, எப்படிங்கிறத விட எவ்வளவு சீக்கிரம்ங்கிறது தான் முக்கியம், முள்ளோட இருக்குற விசப்பை தனியா துடிச்சுக்கிட்டு விசத்த ஏத்திக்கிட்டே இருக்கும். மோதிரம், வளையல், மெட்டி கழட்டுங்க. சவுக்காரம் போட்டு கழுவி ஈரத்துணி வைங்க. சுண்ணாம்பு, மண்ணு, பேஸ்ட் ஒண்ணும் வேணாம்.

ஒரே ஒரு கொட்டா இருந்தாலும் மூச்சு இழுக்குது, நாக்கு உதடு வீங்குது, மேலெல்லாம் தடிப்பு, வாந்தி, தலை சுத்து, இதுல ஏதாவது ஒண்ணு வந்தா அந்த நிமிசமே 1990. ஒண்ணும் தெரியாட்டியும் பத்து இருவதுக்கு மேல கொட்டு இருந்தா ஆஸ்பத்திரி தான். எங்க லயத்து அண்ணன் ஒருத்தர் அம்பது அறுவது கொட்டு வாங்கிட்டு சாயந்தரம் தேத்தண்ணி குடிச்சிட்டு நல்லா தான் பேசிக்கிட்டு இருந்தாரு, ரெண்டாம் நாள் மூத்திரம் கோப்பி கலர்ல போச்சு, கிட்னி. பொழச்சிட்டாரு, ஆனா அந்த ஒரு நாள் வீட்டுல இருந்தது தான் தப்புன்னு இன்னைக்கும் சொல்லுவாரு.

4. பாம்பு

மலைநாட்டுல அதிகமா கடிக்கிறது குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸான்னு சிங்களத்துல சொல்ற குழிவிரியன். ஒரு முழம் நீளம் கூட முழுசா இருக்காது, காஞ்ச இலை கலரு, மூக்கு நுனி மேல தூக்கிக்கிட்டு இருக்கும், தலை முக்கோணம். சருகுக்குள்ள சுருண்டு படுத்தா பக்கத்துல நின்னாலும் தெரியாது, ஓடவும் ஓடாது. தேயிலைக்குள்ள, ஏலக்காய்ச் செடியில பச்சை விரியனும் இருக்கும், அது கண்ணு ஒசரத்துல கிளையில கெடக்கும், கொழுந்து எடுக்குறவங்களுக்குக் கையில கடிக்கிறது அது தான்.

என்னைய கடிச்சது குழிவிரியன். கோவாவுக்குப் போட சருகு அள்ளுனேன், கையால, முள்ளு மண்வெட்டி அஞ்சடி தள்ளி சாத்தி இருந்துச்சு. கட்ட வெரல்ல ஊசி குத்துன மாதிரி. சரி முள்ளுன்னு நெனச்சு இன்னொரு அள்ளு அள்ளுனேன்னா பாத்துக்கங்க. கை முழங்கை வரைக்கும் வீங்குச்சு, நாலு நாள் ஆஸ்பத்திரி. ரெண்டாம் நாளே வீக்கம் குறையுது வீட்டுக்குப் போறேன்னு அடம் புடிச்சேன், டொக்டர் விடல, ஏன்னா இந்தப் பாம்புக்கு கிட்னிய அடிக்கிற கொணமும் ரத்தம் உறையவிடாத கொணமும் இருக்கு, ரத்தமும் மூத்திரமும் பாத்துக்கிட்டே இருக்கணும். இன்னொன்னு, நம்ம நாட்டுக்கு இந்தியாவுல இருந்து வர்ற விசமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை இதுக்குத் தான் செஞ்சது, குழிவிரியனுக்கு வேலை செய்யாது. மருந்து இல்லைன்னா எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, அந்தக் கவனிப்பு தான் மருந்து.

கடிச்சா செய்ய வேண்டியது: நகை கழட்டு, கை கால ஆட்டாம ஒரு பலகையோ கம்போ வச்சு துணியால தளர்வா கட்டு, சாஞ்சு உக்காரு, 1990க்கு அடி. நடக்க வேணாம், முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க. இறுக்கிக் கட்டுறது, கீறுறது, வாயால உறிஞ்சுறது, கல்லு வைக்கிறது, சாராயம், எதுவும் கூடாது. வலிக்கு பெனடோல் போதும், அஸ்பிரின் மாதிரி மாத்திரை குடுக்காதீங்க, ரத்தம் இன்னும் அதிகமா ஒழுகும். பாம்ப அடிச்சு பையில கொண்டு போகாதீங்க, தூரத்துல இருந்து போன்ல ஒரு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க, முடியாட்டி விடுங்க. விசக்கடி வைத்தியர் வீட்டுக்குப் போய்ட்டு அப்புறம் ஆஸ்பத்திரிங்கிற வரிசை வேணவே வேணாம்.

வராம இருக்க: சருகு, வெறகு, கல்லுக்குவியல் எல்லாத்தையும் மொத கம்பால கிளறுங்க, அப்புறம் கருவியால அள்ளுங்க. வீட்டச் சுத்தி ரெண்டு மூணு பாகத்துக்கு (ரெண்டு கையும் விரிச்ச நீளம் ஒரு பாகம்) புல்ல குட்டையா வெட்டி வைங்க. அந்தி நேரத்துல டோர்ச் இல்லாம கக்கூசுக்குக் கூட போகாதீங்க. சாரைப்பாம்ப பாத்தா விட்டுருங்க, அது எலி திங்குது, எலி கொறைஞ்சா விரியன் வர்றதும் கொறையும், எலிக்காய்ச்சலும் கொறையும்.

5. இலையில இருக்குற எதிரி, இலையில இருக்குற கூட்டாளி

கோவாவுல இலையில ஜன்னல் கண்ணாடி மாதிரி மெல்லிசா ஓட்டை விழுந்தா அடியில திருப்பிப் பாருங்க, சின்னப் பச்சைப்புழு, தொட்டா துள்ளிக்கிட்டு நூல்ல தொங்கும். அது வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு. 1953லயே ஜாவாவுல டி.டி.டி பூச்சிமருந்துக்குத் தப்பிப் பழகுன பூச்சி, நீங்க ஒரே மருந்த மூணு போகம் அடிச்சா நாலாவது போகம் சிரிக்கும். சாயந்தரம் மேல இருந்து தண்ணி தெளிக்கிறது அந்துப்பூச்சிய பறக்கவும் முட்டை போடவும் விடாது, நாத்து மேடைக்கு நெட் போடுங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ பத்துச் செடிய எடுத்து புழு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் மருந்தப் பத்தி யோசிங்க, பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் (ஒரு பக்டீரியா) வகை மருந்து கிடைச்சா அது பக்கத்துல இருக்குற கூட்டாளிப் பூச்சிய சாகடிக்காது.

காலையில நாத்து தரையோட அறுந்து கெடந்தா வெட்டுப்புழு. பக்கத்துல ரெண்டு வெரக்கடை மண்ண கிண்டுங்க, சுருண்டு கெடக்கும். நத்தைக்கு ராத்திரி ஈரச்சாக்கு விரிச்சு காலையில தூக்கிப் பாத்தா மொத்தமும் அடியில. போஞ்சி இலையில வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி இருந்தா இலைக்குள்ள துளைக்கிற ஈ, மஞ்சப் பெயின்ட் அடிச்ச தகரத்துல கிரீஸ் பூசி நட்டு வைங்க.

இதுல நெறைய பேர் பண்ற தப்பு, பொறிவண்டோட குட்டிய புழுன்னு நெனச்சு நசுக்குறது. கறுப்பா, முதலை மாதிரி, ஆரஞ்சுப் புள்ளி வச்சுக்கிட்டு ஓடும், அது அசுவுணிய (இலைச்சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி) திங்குற ஆளு, விடுங்க.

மருந்த கண்ணா பின்னான்னு அடிச்சா என்னாகும்னு தேயிலைக்காரங்களுக்கு நல்லா தெரியும். இலைய சுருட்டிக்கிட்டு உள்ள இருந்து திங்குற புழு ஒண்ணு தேயிலைய அழிச்சிக்கிட்டு இருந்த காலத்துல, 1935-36ல, இந்தோனேசியாவுல இருந்து மெக்ரோசென்ட்ரஸ்னு ஒரு பொடிக் குளவியக் கொண்டு வந்து விட்டாங்க, அது புழுவுக்குள்ள முட்டை போட்டு உள்ள இருந்தே தின்னு அடக்கிருச்சு. அப்புறம் 50கள்ல தண்டு துளைக்கிற வண்டுக்குன்னு டீல்ட்ரின்னு ஒரு பூச்சிமருந்து அடிச்சாங்க, பொடிக் குளவி செத்துச்சு, அடங்கிக் கெடந்த சுருட்டுப்புழு திரும்பக் கெளம்பிருச்சு. நம்மள கொட்டுற குளவிக்கும் இதுக்கும் தூரத்துச் சொந்தம் தான், கொட்டாது, கண்ணுக்கும் சரியா தெரியாது.

6. கொரங்கு

இதுக்கு முழுத் தீர்வுன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. 2023ல ஒரு லச்சம் கொரங்க சீனாவுக்கு அனுப்பப் போறோம்னு பேச்சு வந்துச்சு, 2025 மார்ச் 15ந் தேதி காலையில எட்டு மணியில இருந்து அஞ்சு நிமிசம் நாடு முழுக்க எல்லாரும் அவங்கவங்க காணியில நின்னு எண்ணவும் எண்ணுனோம், நானும் நின்னேன், என் அஞ்சு நிமிசத்துல ஒண்ணு கூட வரல, எட்டேகாலுக்கு பதினோரு பேர் வந்து போஞ்சிய முடிச்சிட்டுப் போனாங்க.

செய்யக்கூடியது: சோறு, பழத்தோல வெளிய கொட்டாம புதைக்கிறது, ஒருத்தரும் கையால தீனி போடாம இருக்கிறது, காய் முத்துறதுக்கு முன்ன பறிக்கிறது, வெரட்டுற முறைய மாத்தி மாத்தி வைக்கிறது. பொம்மைப் புலி மூணு நாள் தான், நாலாம் நாள் அது தலையிலயே உக்காந்து திங்கும். கிட்ட வந்துட்டா பல்லக் காட்டி சிரிக்காதீங்க, மொறைக்காதீங்க, கையில இருக்குற சாப்பாட்ட விட்டுட்டு பின்னால நகருங்க. கடிச்சாலோ பிராண்டினாலோ சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி. நாயி, கீரி, நரி கடிச்சாலும் இது தான், நீர்வெறுப்பு (விசர்நாய்க்கடி நோய்) வந்த பிறகு ஒண்ணும் செய்ய முடியாது.

7. ராத்திரி: பன்னி, முள்ளம்பன்னி

ஒரே ராத்திரியில ரெண்டு பாத்தி உருளைக்கிழங்கு போயிரும், காலையில பாத்தா உழுது வச்ச மாதிரி இருக்கும். காட்டு ஓரத்துல இருந்து வேலி வரைக்கும் பத்தடி மானாப்புல்ல வெட்டி வெளியா வைங்க, பன்னி மறைவு இல்லாத எடத்துல எறங்க யோசிக்கும். வேலியில முக்கியமானது மேல் கம்பி இல்ல, கீழ் கம்பி. பன்னி பெரும்பாலும் தாண்டாது, மூக்க விட்டுத் தூக்கிட்டு நுழையும், அதனால தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துலயும் ரெண்டு சாண்லயும் கம்பி இறுக்கமா இருக்கணும், அடியில கல்லு அடுக்கணும். பழைய சீலை சுத்திக் கட்டுறது, சலூன் முடி போடுறது, ரேடியோ பாட வைக்கிறது எல்லாம் வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. ஒண்ணு பழகினதும் அடுத்ததுக்கு மாத்துங்க. அழுகுன கிழங்க காணியில விட்டு வைக்காதீங்க, அது தான் அழைப்பு.

சோலார் மின்வேலி போடலாம், அது விட்டு விட்டு சின்ன அடி குடுக்குற பெட்டி. வீட்டு கரண்ட நேரா கம்பியில இழுக்குறது சட்டப்படி குத்தம், அதுல பன்னிய விட மனுசன் செத்தது தான் அதிகமா காதுல விழுது. கட்டுத்துவக்கும் (கம்பிய மிதிச்சா தானா வெடிக்கிற துவக்கு) அப்படித்தான்.

கண்ணி விசயத்துல நான் கொஞ்சம் கோவக்காரன். பைக் கிளச் கேபிள்ல சுருக்கு வச்சு பன்னி பாதையில கட்டுவாங்க, ரெண்டு கிலோ கறிக்கு. அதே பாதையில தான் சிறுத்தை போகுது, நாய் போகுது. 2020 மே மாசம் இங்க நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அந்த மாதிரி கண்ணியில மாட்டி, உயிரோட எடுத்து உடவளவைக்கு கொண்டு போயும் சில நாள்ல செத்துப்போச்சு. உங்க வேலி ஓரத்துல கண்ணி பாத்தா கழட்டுங்க. அதுல மிருகம் மாட்டியிருந்தா கிட்டப் போகாதீங்க, கூட்டம் சேர்க்காதீங்க, 1992.

8. சித்தப்பா மகன் கேட்ட "புலி"

நம்ம புலின்னு சொல்றது சிறுத்தை, இலங்கைக் காட்டுல புலியே கிடையாது. அது லயத்துப் பக்கம் வர்றது பெரும்பாலும் நாய்க்காக. ராத்திரி நாய வெளிய கட்டிப் போடாதீங்க, உள்ள விடுங்க, ஆட்டுக்கொட்டிலுக்கு கூரையும் கதவும் போடுங்க, வேலி மட்டும் போதாது. பாதையில நேருக்கு நேர் பாத்தா ஓடாதீங்க, குனியாதீங்க, புள்ள இருந்தா தூக்கிக்கங்க, சத்தமா பேசிக்கிட்டே முகத்த திருப்பாம பின்னால நகருங்க, அது போறதுக்கு வழி விட்டு நில்லுங்க. நான் பாத்த மூணு தடவையும் அது தான் மொதல்ல போச்சு.

தேயிலைச் செடிக்கு அடியில குட்டி கெடந்தா தாய் விட்டுட்டுப் போயிருச்சுன்னு தூக்கிட்டு வராதீங்க. எர தேடப் போயிருக்கும், பக்கத்துலயே இருந்தாலும் இருக்கும், ராத்திரியில வந்து எடுத்துக்கும். அன்னைக்கு அந்த நம்பர் மலையில (நம்பர் போட்ட தேயிலைத் துண்டு) வேலைய நிறுத்தச் சொல்லி கங்காணிகிட்ட (வேலை மேற்பார்வை பாக்குறவர்) சொல்லுங்க, திணைக்களத்துக்குச் சொல்லுங்க, போட்டோ எடுக்க கூட்டமா போகாதீங்க. சில நேரம் குட்டின்னு நெனைக்கிறது குட்டியே இருக்காது, ஓடையில மீன் பிடிக்க வர்ற கொடுப்புலியா (மீன்பிடிப் பூனை) இருக்கும்.

கடைசியா ஒண்ணு, ராத்திரி மரத்துல பெரிய கண்ணு ரெண்டு டோர்ச்சுக்கு செவப்பா எரியுது, கீச்சுன்னு கத்துதுன்னா அது தேவாங்கு. சாவு வரப்போகுதுன்னு சொல்லி அடிக்க கம்பு எடுப்பாங்க. மலைநாட்டுத் தேவாங்கு அழிஞ்சே போச்சுன்னு ரொம்ப காலமா நெனச்சிக்கிட்டு இருந்தாங்க, ஹோர்ட்டன் சமவெளியில எடுத்த போட்டோ 2010ல வந்த பிறகு தான் இன்னும் இருக்குன்னு உறுதியாச்சு. அது பெரும்பாலும் பூச்சி தான் திங்குது, உங்க கோவாவுல இருந்து வர்ற அந்துப்பூச்சியும் அதுல சேத்தி. டோர்ச்ச அணைச்சிட்டு வாங்க.